அம்மா குறி வைக்கிற இடத்துக்குக் குமிழி போவதில்லை: கை தப்பா, பெட்டி தப்பா?

வானதி (திருப்பூர்) கேட்டது:

வணக்கம். ஒரு வருடமாக இங்கே எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி கேட்பது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் நிண்டெண்டோ டி.எஸ். லைட் என்ற கையடக்க விளையாட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறது. வெள்ளை நிறம். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது தம்பி 2008-ல் வாங்கி வந்தது. இரண்டு மாதம் ஆடிவிட்டு அவன் அலமாரியில் போட்டுவிட்டான். அதோடு வந்த ஒரே கார்ட்ரிட்ஜ் குமிழி சுடுகிற விளையாட்டு, 'பஸ்ட் எ மூவ் டி.எஸ்.'. அதைத் தூசு தட்டி எடுத்தவர் அம்மா. அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும், எட்டரை மணியிலிருந்து ஒன்பதரை வரை அம்மாவும் அந்தப் பெட்டியும்தான். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் எதுவும் கேட்கக்கூடாது.

ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே கூரையிலிருந்து பல நிறக் குமிழிகள் குலை குலையாகத் தொங்கும். கீழ்த் திரையில் ஒரு உண்டிவில். அதில் ஒரு குமிழி காத்திருக்கும். குச்சியால் அதைத் தொட்டு, பின்னால் இழுத்து, குறி பார்த்து விட வேண்டும். ஒரே நிறம் மூன்றாவது சேர்ந்தால் வெடிக்கும். கூரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரும். கோடு தாண்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. அட்டைப்படத்தில் இருக்கும் பச்சை டிராகனை அம்மா இன்றுவரை பல்லி என்றுதான் சொல்வார்.

அம்மாவுக்கு 63 வயது. பனியன் கம்பெனியில் 22 வருடம் செக்கிங்கில் இருந்தவர். ஒரே சாயத்தில் வந்த இரண்டு பீஸில் ஷேடு வித்தியாசம் இருந்தால் டியூப் லைட் வெளிச்சத்திலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவார். சூப்பர்வைசரே அம்மாவிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் பேக்கிங்குக்கு அனுப்புவாராம். இந்த விளையாட்டு அவருக்கு இவ்வளவு பிடித்ததற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன். நிறம் பிரிப்பது அவர் கைக்கு வந்த வேலை.

இப்போது பிரச்சினை. இரண்டு மாதமாக அம்மா விடுகிற குமிழி அவர் நினைத்த இடத்துக்கு இடது பக்கமாகப் போய் ஒட்டுகிறது. எப்போதும் இல்லை. குச்சியை வலது பக்கம் இழுத்து இடது மேல் மூலைக்கு விடும்போதுதான் அதிகம். நேராக விட்டால் பெரும்பாலும் சரியாகப் போகிறது. இதற்குச் சற்று முன்னால், திரையில் கீறல் விழக்கூடாது என்று இங்கே ஒரு மொபைல் கடையில் கொடுத்து ஸ்க்ரீன் கார்டு ஒட்டி வாங்கினேன். அதனால் இருக்குமா என்று தெரியவில்லை.

நான்கு வாரமாக ஒரே கட்டத்தில் நிற்கிறார். மேலே வெள்ளையும் மஞ்சளும் மாறி மாறித் தொங்கும், ஓரங்களில் நீலமும் ஊதாவும். இடது சுவரோரம் ஒரே ஒரு குமிழி நுழைகிற சந்து இருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பிப் போனால்தான் அதற்குள் நுழையும். அம்மாவுக்கு அந்தத் திருப்பம் வரவே மாட்டேன் என்கிறது. போன வியாழக்கிழமை பெட்டியை மூடி வைத்துவிட்டு, "ஏங்கண்ணு, இது என் கையோட தப்பா, பெட்டியோட தப்பா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை ஆடவில்லை. சனிக்கிழமையும் ஆடவில்லை. பதினைந்து வருடத்துக்கும் மேலாக நான் பார்க்கிறேன், காய்ச்சல் வந்தாலும் ஆடுவார். எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பெட்டியைச் சரி செய்ய முடியுமா? இல்லை நிண்டெண்டோவின் பிற்காலப் பெட்டியான ஸ்விட்ச்சில் இதே விளையாட்டின் புதுசு வந்திருக்கிறதே, அதை வாங்கித் தரலாமா? சுவரில் பட்டுத் திரும்புவதை அவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய சாலிடரிங் அயர்ன் எழுதியது:

வாங்கம்மா. ரிச்சி தெருவில் பதினோரு வருடம் பழுது பார்க்கிற பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். டி.எஸ்., பி.எஸ்.பி. எல்லாம் கை வழியாகப் போயிருக்கின்றன. நீங்கள் சொன்ன அறிகுறியே பதிலைச் சொல்லிவிட்டது. புதுசு எதுவும் வாங்காதீர்கள்.

டி.எஸ். லைட்டின் கீழ்த் திரை இன்றைய போன் திரை மாதிரி இல்லை. போன் திரை விரலின் மின்னேற்றத்தை உணர்வது. இது அழுத்தத்தை உணர்வது. கண்ணாடிக்கு மேலே இளகிய ஒரு படலம், இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. குச்சியால் அழுத்தினால் படலம் கீழே தொட்டு, தொட்ட இடம் எது என்று மின்னழுத்தத்தை வைத்துக் கணக்காகும். ஒரே நேரத்தில் ஒரு இடத்தைத்தான் அதற்குச் சொல்லத் தெரியும். இரண்டு இடத்தில் அமுங்கினால் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு புள்ளியைச் சொல்லும்.

இப்போது பாருங்கள். குமிழி இடது பக்கம் அதிகமாகப் போகிறது என்கிறீர்கள். இது உண்டிவில். இழுக்கிற திசைக்கு எதிர்த்திசையில்தான் குமிழி பறக்கும். அப்படியென்றால், அம்மா இழுத்ததைவிட வலது பக்கமாக இழுத்ததாகப் பெட்டி புரிந்துகொள்கிறது. கோளாறு இருப்பது வலது ஓரத்தில். ஒட்டிய ஸ்க்ரீன் கார்டு அளவில் நூல் அகலம் பெரிதாக இருந்து, அதன் வலது விளிம்பு பிளாஸ்டிக் சட்டத்துக்கு அடியில் சிக்கியிருக்கும். சும்மா இருக்கும்போது அது தொடுதல் ஆகாது. குச்சி அந்தப் பக்கம் நெருங்கி அழுத்தும்போது அந்த விளிம்பும் சேர்ந்து அமுங்கும். நேராக இழுத்தால் சரியாகப் போகிறது என்று நீங்கள் சொன்னதும் இதோடு பொருந்துகிறது.

கார்டை மெதுவாக உரித்து எடுத்துவிடுங்கள். உரிக்கும்போது இடது மூலையிலிருந்து தொடங்குங்கள், வலது ஓரம் சட்டத்துக்குள் இருந்தால் இழுத்துக் கிழிக்காமல் பக்கவாட்டில் நழுவ விடுங்கள். பிறகு விசிட்டிங் கார்டு மாதிரி கனமான தாள் வேண்டாம், பில் போடுகிற மெல்லிய தாள் ஒரு துண்டு எடுத்து, திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே நான்கு பக்கமும் ஒரு முறை ஓட்டுங்கள். பதினாறு வருடத்துத் தூசு வரும். தண்ணீர், ஸ்பிரிட் எதுவும் ஊற்ற வேண்டாம். அப்புறம் பெட்டியை ஆன் செய்து, முதல் மெனுவில் செட்டிங்ஸுக்குள் போனால் தொடுதிரையைச் சரிப்படுத்துகிற பகுதி இருக்கும். அம்புக்குறிப் பொத்தானாலேயே அங்கே போய்விடலாம். காட்டுகிற குறியின் நட்டநடுவில் குச்சி நுனியை வைத்துத் தொடச் சொல்லும். அதை நீங்கள் செய்யாதீர்கள், அம்மாவையே செய்யச் சொல்லுங்கள். அவர் எப்படிக் குச்சியைப் பிடித்து, எந்தச் சாய்வில் பார்க்கிறாரோ அதற்கு ஏற்றபடி அமையட்டும். மடியில் வைத்து ஆடுபவர் என்றால் மடியில் வைத்தே செய்யட்டும்.

---

வானதி எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. இப்போதே உரித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே. வலது கீழ் மூலையில் கார்டு மடிந்து, ஒரு அரிசி நீளத்துக்குச் சட்டத்துக்குள் போயிருந்தது. தாளை ஓட்டினேன், சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி வந்தது. பனியன் பஞ்சுதான், எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும். அம்மா தூங்கிவிட்டார். நாளை இரவு மடியில் வைத்துச் செய்யச் சொல்கிறேன்.

---

ராயபுரம் ரீபவுண்ட் எழுதியது:

அக்கா, பெட்டி சரியாகிவிடும். நான் சுவர்த் திருப்பத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் நானும் பல மாதம் தோற்றவன். வட சென்னையில் கேரம் போர்டைச் சுற்றி வளர்ந்தேன். கேரமில் ரீபவுண்ட் அடிக்கத் தெரிந்தவனுக்கு இந்தக் குமிழி ஆட்டம் சுலபம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அந்தக் கேரம் கைதான் என்னைக் கெடுத்தது. ஸ்ட்ரைக்கர் கட்டையில் பட்டதும் வேகம் கொஞ்சம் போகும், கோணமும் கொஞ்சம் மாறும். பவுடர் எவ்வளவு போட்டிருக்கிறது, கட்டை புதுசா பழசா என்பதையெல்லாம் கை தானாகவே கணக்குப் போட்டுக் கொஞ்சம் தள்ளி அடிக்கும். இந்த விளையாட்டில் அப்படி எதுவும் கிடையாது. எந்தக் கோணத்தில் போய்ப் படுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். வேகமும் குறையாது. அதனால் இங்கே அனுபவத்தைவிடக் கணக்கு உதவும், அதுவும் ரொம்பச் சின்னக் கணக்கு.

உண்டிவில் அகலத்தின் நட்டநடுவில் இருக்கிறது. அம்மா இடது சுவரோரச் சந்துக்குள் விட வேண்டும், நேர்வழி அடைத்திருக்கிறது, அதனால் வலது சுவரில் தட்டித் திருப்ப வேண்டும். நடுவிலிருந்து வலது சுவருக்கு அரை அகலம். அங்கிருந்து இடது சுவருக்கு ஒரு முழு அகலம். மொத்தம் ஒன்றரை. அதில் முதல் அரை என்பது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே உண்டிவில்லிலிருந்து சந்து வரை உள்ள உயரத்தை மனசில் மூன்றாகப் பிரித்து, கீழிருந்து முதல் பங்கு முடிகிற இடத்தில் வலது சுவரைத் தொட்டால் குமிழி நேராகச் சந்துக்குள் போய் நிற்கும். அதேபோல, தட்டித் திருப்பி நடுவில் தொங்குகிற ஒன்றை அடிக்க வேண்டுமென்றால் பாதி உயரத்தில் சுவரைத் தொட வேண்டும். எதிர் ஓரத்துக்கு மூன்றில் ஒன்று, நடுவுக்குப் பாதி. இந்த இரண்டை மட்டும் நினைவில் வைத்தாலே போதும், மற்ற இடங்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே கண் தானாகப் பழகிவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சுவரில் படுவது குமிழியின் விளிம்பு. நாம் குறி பார்ப்பது குமிழியின் நடுப்புள்ளியை. அதனால் குமிழி திரும்புகிற கோடு உண்மையில் சுவரிலிருந்து அரைக் குமிழி உள்ளே இருக்கிறது. சுவரையே குறி வைத்தால் எப்போதும் கொஞ்சம் கீழேயே பட்டுத் திரும்பிவிடும். சுவருக்கு உட்புறம் அரைக் குமிழி தள்ளி ஒரு நூல் கட்டியிருப்பதாக அம்மாவை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நீங்கள் எழுதியதைப் படித்தால் அம்மா மூன்று மூன்றாக வெடிக்கப் பார்க்கிறார் என்று தோன்றுகிறது. நிறம் பிரித்துப் பழகியவருக்கு அது இயல்பு. ஆனால் இந்த ஆட்டத்தின் உயிர் வெடிப்பதில் இல்லை, விழ வைப்பதில் இருக்கிறது. கூரையோடு தொடர்பு அறுந்த குமிழிகள் நிறம் எதுவானாலும் மொத்தமாகக் கீழே கொட்டிவிடும். 1994-ல் டைட்டோ கம்பெனி இதே ஆட்டத்தை விளையாட்டுக் கூடங்களுக்காக 'பஸ்ஸில் பாபிள்' என்று முதலில் கொண்டுவந்தபோதே மதிப்பெண்ணை அப்படித்தான் அமைத்தார்கள். வெடித்த குமிழிக்குத் தலா 10. விழுந்தது ஒன்று என்றால் 20, இரண்டு என்றால் 40, மூன்று என்றால் 80, இப்படி ஒவ்வொன்றுக்கும் இரட்டிப்பு. எட்டு விழுந்தால் 2,560. பதினேழு விழுந்தால் 13,10,720, அதுதான் உச்சம். மூன்றை வெடித்து 30 எடுப்பதையும், அதே மூன்றால் கீழே இருக்கும் எட்டையும் கொட்டி 2,590 எடுப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். செய்தவர்கள் நம்மை எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்று தெரியும்.

திராட்சைக் குலையை ஒவ்வொரு பழமாகப் பறிக்கிறவர் உண்டு, காம்பை அறுக்கிறவர் உண்டு. புதுக் கட்டம் வந்ததும் ஒரு நிமிடம் எதையும் விடாமல், காம்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மேலே ஒன்றோ இரண்டோ குமிழிதான் முழுக் குலையையும் தாங்கிக்கொண்டிருக்கும். வேண்டாத நிறம் வந்தால் அதை எங்கேயாவது தள்ளிவிடாமல், காம்புக்குப் போகிற வழியை அடைக்காத இடத்தில், முடிந்தவரை மேலே ஒட்ட வையுங்கள். கீழே ஒட்டியது நாளைக்கு நம் கழுத்துக்கே வரும்.

---

ஸ்கார்பரோ சிவா எழுதியது:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில். நீங்கள் உண்டிவில் என்று எழுதியதை எங்கட பக்கம் கெற்றப்போல் என்போம். சின்ன வயதில் மாங்காய்க்குக் கெற்றப்போல் பிடித்த கைக்கு இந்த டி.எஸ். விளையாட்டு எவ்வளவு பொருத்தம் என்று ஆடினவர்களுக்குத்தான் தெரியும். ஜப்பானில் இது 2005-ல் வந்தபோது வைத்த பெயரே 'ஹிப்பத்தே! பஸ்ஸில் பாபிள்'. ஹிப்பத்தே என்றால் இழு என்று அர்த்தம். அந்த இழுவைக்காகவே செய்த விளையாட்டு.

ஸ்விட்ச்சில் 2023 மே மாதம் வந்த 'எவ்ரிபபிள்' எங்கள் வீட்டில் இருக்கிறது. நல்ல விளையாட்டு, குறை சொல்ல மாட்டேன். கதைப் பகுதியை நாலு பேர் ஒரே திரையில் சேர்ந்து ஆடலாம். எனக்கும் என் மூன்று பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அதிலேதான் போகும். 1978-ன் ஸ்பேஸ் இன்வேடர்ஸும் டைட்டோவினதுதான், அதையும் இதையும் கலந்து ஒரு ஆட்டம் உள்ளே வைத்திருக்கிறார்கள், சின்னவன் அதை விடமாட்டான். ஆனால் அதில் குறி வைப்பது கட்டைவிரலால் ஸ்டிக்கை அசைத்து. இழுவை இல்லை. நான் டி.எஸ்.ஸில் ஆடிப் பழகியவன், ஸ்டிக்கில் ஒரு மயிரளவு திருப்பம் பிடிபட எனக்கே மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம், சென்றது. உங்கள் அம்மா இத்தனை வருடம் குச்சியால் இழுத்த கை. அந்தக் கையிடமிருந்து குச்சியைப் பறிக்காதீர்கள்.

பெட்டி என்றாவது முழுதாகச் செத்தால், டி.எஸ்.ஸுக்குப் பிறகு வந்த பெட்டியான த்ரீ டி.எஸ். எக்ஸ்.எல். பழசு ஒன்று தேடிப் பிடியுங்கள். அதே கார்ட்ரிட்ஜ் அப்படியே அதற்குள் போகும். டி.எஸ். கார்ட்ரிட்ஜுக்கு நாட்டுப் பூட்டு இல்லை, சிங்கப்பூரில் வாங்கியதும் கனடாவில் வாங்கியதும் ஒன்றுதான். அதன் கீழ்த் திரை 4.18 அங்குலம், அதுவும் குச்சியால் அழுத்துகிற வகைதான். உங்களிடம் இருப்பது 3 அங்குலத்துக்குச் சற்று மேல். கண்ணுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். இன்னொரு கார்ட்ரிட்ஜ் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் 'பஸ்ட் எ மூவ்' என்று விற்றதும் ஜப்பானில் 'பஸ்ஸில் பாபிள்' என்று விற்றதும் ஒரே வரிசைதான். பெயரைப் பார்த்து வேறு விளையாட்டு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

---

கண் கண்ட கலா எழுதியது:

வானதி, எல்லோரும் பெட்டியையும் குறியையும் பற்றிச் சொல்லிவிட்டார்கள். எனக்கு உங்கள் கேள்வியில் வேறு ஒரு வரி உறுத்துகிறது. நான் ஒரு கண் மருத்துவமனையில் கண்ணாடிப் பவர் பார்க்கும் வேலையில் இருக்கிறேன், மருத்துவர் இல்லை.

வெள்ளையும் மஞ்சளும், நீலமும் ஊதாவும் உள்ள கட்டத்தில் நான்கு வாரமாக நிற்கிறார் என்கிறீர்கள். 22 வருடம் ஷேடு பார்த்தவர், 63 வயது. அம்மா சந்துக்குள் விட முடியாமல்தான் தோற்கிறாரா? இல்லை, மஞ்சள் பக்கத்தில் வெள்ளையை ஒட்டிவிட்டுத் தோற்கிறாரா? ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் சொல்லாமல் பாருங்கள்.

கண்புரை வரும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல மெல்ல மஞ்சளாகும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு உலகத்தைப் பார்ப்பது போல. வெள்ளை வெளிர் மஞ்சளாகத் தெரியும், நீலம் மங்கி ஊதாவோடும் கறுப்போடும் கலந்துவிடும். பல வருடமாக மெதுவாக நடப்பதால் அவர்களுக்கே தெரியாது. அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்ததும் "எதிர் சுவருக்கு எப்போது வெள்ளை அடித்தீர்கள்" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். டி.எஸ். லைட்டில் வெளிச்சம் நான்கு நிலை இருக்கும், உச்சத்தில் வையுங்கள். வெள்ளைக் குமிழி ஒன்றைக் காட்டி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, என்ன நிறம் என்று கேளுங்கள். பிறகு அடுத்த கண். புரை பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் ஒரே அளவாக இருக்காது. இரண்டு கண்ணும் வேறு வேறு பதில் சொன்னால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஒரே பதில் வந்தாலும், இந்த வயதில் ஒரு முறை காட்டிவிடுவது நல்லதுதான். இரவில் எதிரே வரும் வண்டி வெளிச்சம் சிதறிக் கூசுகிறதா என்றும் கேளுங்கள்.

---

எண்ணும் எழுத்தும் எழுதியது:

அக்கா, நான் கணினி அறிவியல் முதுகலை படிக்கிறேன். அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். எரிக் டெமெயின், ஸ்டெஃபான் லாங்கர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே பஸ்ஸில் பாபிளை எடுத்துக்கொண்டு, இது என்.பி. முழுமை வகைச் சிக்கல் என்று நிறுவியிருக்கிறார்கள். அடுத்தடுத்து என்ன நிறம் வரும் என்று முன்பே முழுதாகத் தெரிந்தாலும், எல்லாக் குமிழிகளையும் தீர்க்க வழி இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்கு, எல்லாக் கட்டத்துக்கும் பொருந்துகிற வேகமான முறை எதுவும் இதுவரை யாருக்கும் தெரியாது. கட்டம் பெரிதாகப் பெரிதாகக் கணினிக்கே மூச்சு முட்டும். நான்கு வாரம் ஒரே கட்டத்தில் நிற்பது அம்மா தலைகுனிய வேண்டிய விஷயமே இல்லை.

---

வானதி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உடனே எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

முதலில் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மா மடியில் வைத்துத் திரையைச் சரிப்படுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு தொட்டார். பிறகு வலது பக்கம் முழுக்க இழுத்து ஒன்று விட்டார். இடது மூலையில் போய் உட்கார்ந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, "பெட்டி தப்புத்தான்" என்றார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் எழுத முடியாது. சாலிடரிங் அயர்ன் அண்ணாவுக்குத்தான் அந்த நன்றி.

ஆனால் கலா அக்கா சொன்னது போல அன்றைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டு முறை விட்டதில் மூன்று முறை, வெள்ளையைக் கொண்டுபோய் மஞ்சளோடு ஒட்டினார். குறி சரியாகத்தான் போனது. நிறம்தான் தப்பு. ஒவ்வொரு முறையும் வெடிக்காததைப் பார்த்து, "தள்ளிப் போய் ஒட்டிக்கிச்சு" என்றார். இத்தனை நாளும் அவர் குறி தப்புகிறது என்று சொன்னதில் பாதி இதுதான் போலிருக்கிறது. எனக்கு அடி வயிறு கலங்கிவிட்டது. அம்மா ஷேடு தப்பிப் பார்ப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

மறுநாள் காலையில், விளையாட்டு என்று சொல்லியே, வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துக் கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். இடது கண்ணில் "வெள்ளை" என்றார். வலது கண்ணில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சந்தன கலர்" என்றார். பிறகு அவரே கையை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார். ஐந்தாறு முறை. எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பீரோவில் இருந்து பழைய வெள்ளைப் பனியன் பீஸ் ஒன்றை எடுத்து வந்து, ஜன்னல் ஓரத்தில் பிடித்து, அதையும் அப்படியே ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த சோதனை அதுதான்.

அந்த வாரமே கூட்டிப் போனேன். வலது கண்ணில் புரை நன்றாக முற்றியிருக்கிறது, இடது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம் என்றார் டாக்டர். வலது கண்ணுக்கு அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. எங்கே கவனித்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது அம்மா கைப்பையிலிருந்து டி.எஸ்.ஸை எடுத்துக் காட்டினார். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, அறுவைக்குப் பிறகு எத்தனை நாள் குனிந்து ஆடக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

ரீபவுண்ட் தம்பி, உங்கள் மூன்றில் ஒரு பங்கு கணக்கை அம்மா சுவரில் போட்டுப் பார்த்தார். எங்கள் கூடத்துச் சுவரில் சாக்பீஸால் ஒரு பெட்டி வரைந்து, அதன் இரண்டு பக்கமும் சுவருக்கு உள்ளே அரைக் குமிழிக்கு நூல் ஒட்டி, சைக்கிள் டியூப் துண்டை வைத்து இழுத்துக் காட்டினேன். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். அந்தச் சந்துக்குள் போன புதன்கிழமை குமிழி நுழைந்தது. காம்பு அறுந்து பதினோரு குமிழி கொட்டியது, நான் எண்ணினேன். ஆனால் கட்டம் முடியவில்லை, மிச்சத்தில் ஒரு மஞ்சளை வெள்ளை என்று நினைத்துவிட்டார்.

சிவா அண்ணா, உங்கள் கெற்றப்போல் என்ற சொல் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. புதுசு வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். த்ரீ டி.எஸ். எக்ஸ்.எல். ஒன்று கிடைக்குமா என்று தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

படிக்கிற தம்பி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கம்ப்யூட்டருக்கே மூச்சு முட்டுதா?" என்று இரண்டு முறை கேட்டார்.

இப்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். உண்டிவில்லில் குமிழி வந்ததும் நிறத்தை நான் சொல்வேன், இழுப்பது அவர். எட்டரை மணிக்கு வெளித் திண்ணையில். அறுவை முடிந்த பிறகு அந்தக் கட்டத்தை முதலிலிருந்து தனியாக ஆட வேண்டும் என்றும், அதுவரை அதை நான் தொடக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.